மூன்று ஓலைகள்

வேலையிடத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் நொட்டை. லிஃப்ட் பராமரிப்பு என் தொழில். மாதத்துக்கு நாற்பது கட்டிடம். ஒவ்வொன்றிலும் மொட்டைமாடியில் மோட்டார் அறை, கீழே குழி, நடுவில் மேலும் கீழும் போய்வரும் பெட்டி. எதைப் பார்த்தாலும் இவன் ஒரு நொட்டை சொல்லாமல் இறங்கமாட்டான் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. குறை கண்டுபிடிக்கத்தானே என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்?

எனக்கு ஆகவே ஆகாத வாக்கியம் ஒன்று உண்டு. எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் அங்கே குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்று ஒருவர் இருப்பார். "கம்பிக்கயிறு மாத்தணும் சார்" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் அதைச் சொல்லிவிடுவார். "ஏன், நல்லாத்தானே ஓடுது?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "ஓடுற வரைக்கும் ஓடும் சார். நிக்கிற அன்னிக்கு உள்ள யாரு இருப்பாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க" என்பேன். கயிறு வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இழை ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும். கிரீஸ் கையோடு ஒரு செயலாளரை மணிக்கட்டைப் பிடித்து மாடிக்கு இழுத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். இனி இந்த ஆளை அனுப்பவேண்டாம் என்று அவர் எழுதியே கொடுத்துவிட்டார்.

இவ்வளவு வாய் பேசுகிற நான், என் சொந்தத் தங்கைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று கடிதங்களை அவளிடம் கொடுக்காமல் ஒளித்துவைத்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ஆள் நான்தான்.

அவள் என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் வளர்த்தது நான். பாப்பா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. பதினேழு வயதில் அவளுக்கு ரத்தமும் சளியுமாக வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை. ஆள் துரும்பாகிவிட்டாள். பெருங்குடல் முழுக்கப் புண் என்று டாக்டரம்மா சொன்னார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெயரைத் திக்காமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. இரண்டு வருடம் மாத்திரையும் ஊசியுமாக இருவரும் பாடாய்ப் பட்டோம். அப்புறம் அது அடங்கியது.

டாக்டரம்மா உபயோகிக்கும் சொல்லே அதுதான். "குணமாயிடுச்சுங்களா டாக்டர்?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் திருத்துவார். "குணமாகல. அடங்கியிருக்கு." எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். என்னைப் போலவே நொட்டை பிடித்தவர்.

நோய் வந்து எட்டு வருடம் ஆனபோது எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "இனிமே வருஷா வருஷம் குடலுக்குள்ள கேமராக் குழாய் விட்டுப் பார்க்கணும். வயிறு வலிச்சாலும் சரி, வலிக்காட்டியும் சரி. குடல் முழுக்கப் புண் இருந்து ரொம்ப வருஷம் ஆனவங்களுக்கு அங்க புற்றுநோய் வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். எல்லாருக்கும் வரும்னு சொல்லல. ஆனா வந்தா ஆரம்பத்துல அது எதையும் காட்டாது. நாமதான் தேடிப் போய்ப் பிடிக்கணும்." பாப்பா முகம் வெளிறிப்போனாள். நான் பலமாகத் தலையை ஆட்டினேன். இதைப் புரிந்துகொள்ள என்னைவிடத் தகுந்த ஆள் யார் என்று அப்போது ஒரு பெருமைகூட இருந்தது.

ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்தது என் வீட்டு முகவரி. அவள் கல்யாணமாகி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்துக்குக் குடிபோன பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. வருடத்துக்கு ஒரு கடிதம் வரும், இன்ன தேதிக்குள் போன் செய்து நேரம் குறித்துக்கொள்ளவும் என்று. நான் அவளைக் கூப்பிட்டு "ஓலை வந்துடுச்சு" என்பேன்.

"யாரு, எமனா?"

"இல்ல, டாக்டரம்மா."

"அதுக்கு எமனே தேவல. அவன் பேதி மருந்து குடிக்கச் சொல்லமாட்டான்."

முதல்நாளே லீவு போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். குடலைக் கழுவி வெறுமையாக்கும் அந்த மருந்து நாலு லிட்டர், உப்புக் கரிக்கும். கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் நீட்டுவேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் குடிப்பாள். அப்புறம் அவள் கழிவறைக்குள், நான் கதவுக்கு வெளியே முக்காலியில்.

"இன்னும் அஞ்சு டம்ளர் இருக்கு பாப்பா."

"உன்னைப் பெத்த வயித்துல..."

"அதே வயித்துலதான் நீயும்."

உள்ளேயிருந்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். ஒவ்வொரு வருடமும் முடிவு ஒன்றுதான். குடலில் அங்கங்கே கிள்ளியெடுத்த சதைத்துணுக்குகளைச் சோதித்துவிட்டு, அடங்கியிருக்கிறது, அடுத்த வருடம் வாருங்கள் என்பார்கள். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஆகாது, ரத்தம் என்றாலே தலை சுற்றும். "மச்சான் இருக்கார், பார்த்துக்குவார்" என்று அவர் நிம்மதியாக வேலைக்குப் போய்விடுவார்.

முதலில் ஒளித்துவைத்த கடிதம் வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. மாடிப்படியைப் பார்த்தாலே பயப்படுகிற நிலையில் இருந்தாள். விஷயத்தைச் சொல்லியிருந்தால் டாக்டரம்மாவே பிரசவம் வரைக்கும் தள்ளிவைத்திருப்பார். நான் டாக்டரம்மாவிடமும் கேட்கவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. பாவம், எதற்குக் கலவரப்படுத்துவானேன் என்று மேசை இழுப்பறைக்குள் போட்டேன். என் லிஃப்ட் பரிசோதனை அட்டைகளை வைக்கிற இழுப்பறை அது.

இரண்டாவது கடிதம் வந்தபோது குழந்தைக்கு எட்டு மாதம். எங்கள் கம்பெனியில் ஒருவன் கால் முறிந்து படுத்துவிட, அவன் பார்த்த கட்டிடமும் என் தலையில் விழுந்திருந்தது. லீவு கேட்டால் மேலதிகாரி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். இதெல்லாம் சாக்கு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த உப்பு வாடை, அந்த முக்காலி, ஆஸ்பத்திரி நாற்காலியில் நாள் முழுக்கக் காத்திருப்பது எல்லாமே அலுத்துப்போயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கன்னம் உப்பி, இடுப்பில் குழந்தையோடு, ஒரு கையால் துணி காயப்போட்டுக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் செரிக்கிறது என்றாள். நல்லாத்தானே இருக்கா என்று நினைத்தேன். நான்தான் நினைத்தேன். அப்போது எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை.

மூன்றாவது கடிதத்தை ஒளித்தது வெறும் பயத்தால். அதைக் கொடுத்தால் முந்தைய இரண்டும் எங்கே என்று கேட்பாளே. அந்த வருடம் அவளாகவே ஒருநாள், குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே, "ஏண்ணா, ஓலை எதுவும் வரலையா?" என்று கேட்டாள்.

"வந்தா சொல்லமாட்டேனா?" என்றேன்.

அது பொய் இல்லை, கேள்விதானே என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் அப்புறம் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை வேளையில் மாப்பிள்ளை போன் செய்தார். நான் ஒரு லிஃப்ட் குழிக்குள் நின்று, பெட்டி விழுந்தால் தாங்குகிற ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மச்சான், அவளுக்கு ரெண்டு மாசமா ரத்தம் போகுதாம். என்கிட்ட இன்னிக்குத்தான் சொன்னா. எடையும் குறைஞ்சிருக்கு." சாமானையெல்லாம் குழியிலேயே போட்டுவிட்டு இரும்பு ஏணியில் மேலே ஏறினேன்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எங்கள் மூவரையும் கூப்பிட்டார். பெருங்குடலின் வலது பக்கத்தில் புற்றுநோய் என்றார். இன்னும் இரண்டு இடத்தில் செல்கள் மாற ஆரம்பித்திருக்கின்றன, அதனால் பெருங்குடலை முழுதாக எடுத்துவிடவேண்டும், வயிற்றில் ஒரு துளை போட்டு மலம் ஒரு பைக்குள் வருகிற மாதிரி செய்வோம் என்றார். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். பாப்பா எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டரம்மா கோப்பைப் புரட்டி, "மூணு வருஷத்துக்கு மேல ஏம்மா வரல?" என்றார்.

"கடிதமே வரல டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. "வருஷா வருஷம் இங்கேருந்து வரும், மச்சான் கூட்டிட்டு வருவார். அப்புறம் வர்றதே நின்னுடுச்சு. உங்க ஆளுங்கதான் அனுப்பாம விட்டிருக்காங்க."

டாக்டரம்மா முகம் இறுகியது. பதிவுப் பிரிவுக்குப் போன் செய்து, அந்தக் கடிதங்களை அனுப்புகிற பெண்ணை வரச் சொன்னார். பெரிய கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் ஒரு பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அனுப்பினோம் மேடம். மூணு தடவையும் அனுப்பியிருக்கோம்."

"எங்க அனுப்பினீங்க? எந்த அட்ரஸுக்கு? படிங்க பார்ப்போம்" என்று மாப்பிள்ளை எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

அந்தப் பெண் பதிவேட்டைத் திறந்து விரலால் வரி தேடினாள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து "என் வீட்டுக்கு" என்று சொல்ல இரண்டு சொல் போதும். செயலாளரையே மணிக்கட்டைப் பிடித்து இழுத்த நான், வாயைத் தைத்தாற்போல் உட்கார்ந்திருந்தேன்.

"விடுங்க" என்றாள் பாப்பா. "வந்துச்சு. குழந்தை வேலையில நான்தான் எங்கயோ வெச்சு மறந்துட்டேன். பாவம், அவங்களைத் திட்டாதீங்க."

மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு அறிவிருக்கா?" என்று கத்திவிட்டு, கத்திய வேகத்திலேயே உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு அவளும் நானும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார். எங்களுக்கு முன்னால் இன்னும் பதினான்கு பேர்.

"பாப்பா, அந்த லெட்டர் மூணும் என்கிட்டதான் இருக்கு."

"தெரியும்."

"எப்படி?"

"அட்ரஸ் உன்னுது. அங்க வந்தது என்கிட்ட வரலன்னா, நடுவுல வேற யாருண்ணா இருக்கா?"

"அப்புறம் ஏன் உள்ள அப்படிச் சொன்ன?"

"அந்த ரூம்ல அவர் உன்னை அடிச்சிருப்பாரு. எனக்கு இப்ப உங்க ரெண்டு பேருமே வேணும்." கையிலிருந்த சீட்டை மடித்தாள், பிரித்தாள். "எனக்கு போன்ல ஒரு மெசேஜும் வந்துச்சு, தெரியுமா? பரிசோதனைக்கு வரலை, உடனே தொடர்பு கொள்ளவும்னு. அதைப் பார்த்துட்டுதான் அன்னிக்கு உன்கிட்ட கேட்டேன். வந்தா சொல்லமாட்டேனான்னு சொன்ன. சரி, மெசேஜ்தான் ஆள் மாறி வந்திருக்குன்னு அழிச்சுட்டேன்."

ஆஸ்பத்திரி அவளுக்கு நேராகவே சொல்லியிருக்கிறது. அவள் ஆஸ்பத்திரியை நம்பவில்லை, என்னை நம்பியிருக்கிறாள். கடிதங்களை ஒளித்தது ஒரு பாவம் என்றால், வந்தா சொல்லமாட்டேனா என்று நான் கேட்டது அதற்கு மேல் பாவம். அதுவும் பொய் இல்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்து சமாதானம் சொல்லிக்கொண்டவன் நான்.

"ஏண்ணா கொடுக்கல?"

"முதல் தடவை நீ மாசமா இருந்த. பயந்துடுவேன்னு..."

"ரெண்டாவது?"

அவளிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்லமுடியாது என்று தெரிந்தது. "அலுப்பா இருந்துச்சு பாப்பா."

நாலு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடித்தார்கள். அப்புறம் சொன்னாள். "எனக்கும்தான் அலுப்பா இருந்துச்சு. சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அலுத்துக்கிட்டே போயிட்டு வந்திருப்போம்."

அன்று சாயங்காலமே மாப்பிள்ளையிடம் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மருந்துப் பட்டியல் மட்டும் என்னிடம் நீட்டுவார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பதிவுப் பிரிவு ஜன்னலில் அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ராத்திரி எல்லாம் பதிவேட்டைத்தான் சார் மனசுல புரட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

டாக்டரம்மாவிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "ரெண்டு வருஷம் முன்னாடி பார்த்திருந்தா?"

"செல்கள் மாற ஆரம்பிச்ச நிலையிலேயே பிடிச்சிருக்கலாம். பிடிக்க முடியாமலும் போயிருக்கலாம். உறுதியா யாராலயும் சொல்லமுடியாது" என்றார். திட்டியிருக்கலாம் அவர். ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த 'லாம்' இரண்டுக்கும் நடுவில்தான் நான் இப்போது குடியிருக்கிறேன்.

அறுவைசிகிச்சை ஆறு மணிநேரம் நடந்தது. பெருங்குடலை முழுதாக எடுத்தார்கள். பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் புற்று பரவியிருந்தது, அதனால் ஆறு மாதம் கீமோ மருந்து ஏற்றினார்கள். ஐந்து வருடம் திரும்ப வராமல் இருந்தால்தான் தப்பித்தாள் என்று அர்த்தம். பையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட நர்ஸ் சொல்லிக்கொடுத்தபோது நானும் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் பாப்பா வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்புறம், "ஓரத்துல சுருக்கம் விழுந்திருக்கு பாரு, ஒழுங்கா ஒட்டு" என்று அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். அவள் அதிகாரம் பண்ணும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

வேலையில் என் குரல் போய்விட்டது. செயலாளர்கள் நல்லாத்தானே ஓடுது என்று சொன்னால் இப்போது சண்டை போட வாய் வருவதில்லை. மாற்றவேண்டியதை எழுதி, அவர் கையெழுத்துப் போடும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். நொட்டைக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள்.

கடைசி மருந்து ஏற்றிய அன்று டாக்டரம்மா பாப்பாவைப் பரிசோதித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வயசு?"

"நாற்பத்திரண்டு."

"இந்தச் சின்ன வயசுல ஒருத்தருக்குக் குடல்ல புற்றுநோய் வந்தா, கூடப்பிறந்தவங்களுக்கும் நாற்பதுக்கு மேல குழாய் விட்டுப் பார்க்கணும். உங்களுக்கு இவங்க அளவுக்கு ஆபத்து இல்ல. ஆனா பார்த்தே ஆகணும். கீழ போய்ப் பதிஞ்சுட்டுப் போங்க. நேரம் குறிச்சுக் கடிதம் வரும்."

பதிவுப் பிரிவு ஜன்னலுக்குப் போனோம். அதே பெண்தான். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் பேனா நின்றது, பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். பெயர் கேட்டாள், சொன்னேன். வயது கேட்டாள், சொன்னேன்.

"கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி?"

நான் வாய் திறப்பதற்குள் பாப்பா என்னை நகர்த்திவிட்டு ஜன்னலுக்கு முன்னால் வந்தாள். மருந்தால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் அவளால் பேனா பிடிக்க முடியாது. அதனால் கதவு எண்ணிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அது அவளுடைய வீடு.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "இவருக்கு வர்ற கடிதத்துக்குத்தானே கேட்டேன்?"

"ஆமா, இவருக்கு வர்றதுதான். என் வீட்டுக்கே அனுப்புங்க."

நான் அவளைப் பார்த்தேன். கேலி செய்கிறாளோ என்று முகத்தில் தேடினேன். சிரிப்பு இல்லை.

"நான் ஒளிச்சு வைக்கமாட்டேண்ணா" என்றாள்.